சந்தேகத்துக்குரிய வெட்டுக்கிளி

நவம்பர் 10, திங்கள்

காலை ஆறரைக்குள் பதினேழு அழைப்புகள். குக்கர் விசிலை எண்ண முடியவில்லை, சோறு குழைந்துவிட்டது.

கூத்தலூரணியில் யாரோ எடுத்த வீடியோதான் காரணம். ஊருணிக் கரையில் எருக்கஞ்செடிகளிலும் வேலிக்கருவையிலும் வெட்டுக்கிளிகள் அப்பிக்கிடக்கின்றன. வடநாட்டை மொட்டையடித்த பூச்சி நம்ம ஊருக்கும் வந்துட்டு என்று பின்னால் ஒரு குரல். பத்து மணிக்குள் சென்னையிலிருக்கும் என் சித்தியே அதை எனக்கு அனுப்பிவிட்டாள், ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லி.

இவர் முதல் ட்ரிப் முடித்து வந்து சாப்பிடும்போது, பஸ்ஸில் முழுக்க அதே பேச்சு என்றார். கண்டக்டர் காதுக்கு வராத சேதி கிடையாது. “உன் பேரைக்கூட...” என்று ஆரம்பித்து, மோரை எடுத்துக் குடித்துவிட்டார். நானும் கேட்கவில்லை.

எங்கள் வேளாண்மை உதவி இயக்குநர் ஆறுமுகநயினார் ஒன்பது மணிக்கே அலுவலகத்தில் இருந்தார். அதிசயம். சாயங்காலத்துக்குள் அறிக்கை வேண்டும் என்றார். வலை, பாட்டில்கள், கை லென்ஸ் எடுத்துக்கொண்டு வண்டியில் கிளம்பினேன்.

ஊருணியை ஒட்டி மூன்று ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருக்கும் சீனியம்மாள் எனக்காகவே காத்திருந்தவள்போல வந்து சேர்ந்துகொண்டாள். ஐம்பது வயதிருக்கும். பூச்சி பிடிக்க வலை எதற்கு என்று கேட்டு, துண்டை வீசியே என்னைவிட அதிகம் பிடித்தாள். மொத்தம் நாற்பத்து மூன்று. “இது அதுதானா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

அறிக்கை கொடுக்கவில்லை. நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

பூச்சிகளை இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன், துள்ளாமல் இருக்க. தயிருக்குப் பக்கத்தில் வெட்டுக்கிளி இருக்கும் வீட்டில் நான் தயிர் சாப்பிட மாட்டேன் என்கிறார் இவர். சாப்பிட்டார்.

விடிந்ததும் வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்த்தேன். மூன்று வகை.

ஒன்று, எருக்கில் இருப்பது. மஞ்சளும் நீலமுமாகக் கோடு போட்ட சட்டைக்காரன். தொட்டால் ஒரு நீரைப் பீய்ச்சியடிக்கும். எருக்கைத் தின்னும், வேறு பக்கம் வருவது அபூர்வம். இரண்டாவது, பச்சை நிறம், கழுத்துப் பட்டையில் கறுப்பு வரிகள். புல்லிலும் வரப்பிலும் எல்லா வருஷமும் இருப்பதுதான். இந்த வருஷம் மழை முந்திவிட்டதால் கூடுதல்.

மூன்றாவதுதான் ஊரைப் பயமுறுத்தியது. விரல் நீளம், பழுப்பு, இறக்கையில் கரும்புள்ளிகள். பாலைவன வெட்டுக்கிளிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் தெரியாதவர்கள் அண்ணன் தம்பி என்பார்கள். ஆனால் இதற்குத் தலையிலிருந்து முதுகு வழியாக வெளிறிய கோடு ஒன்று ஓடுகிறது. ஒன்பதையும் திருப்பிப் பார்த்தேன், ஒன்பதிலும் கோடு இருக்கிறது. பாலைவனத்துக்காரனுக்கு அது கிடையாது. கூட்டமாகக் கிளம்பும்போது அவன் இளஞ்சிவப்பாகவோ நல்ல மஞ்சளாகவோ இருப்பான். எல்லாம் ஒரே திசையில் எழும்பும். நேற்று நானும் சீனியம்மாளும் கைதட்டியபோது இவை ஆளுக்கொரு பக்கம் போயின. படை இப்படிப் போகாது.

ஆக, இது அது இல்லை.

அந்த வரியை இரண்டு தடவை அடித்து எழுதினேன். காலையில் டீ குடிக்கவில்லை, அதனால்.

மறுபடி எல்லாவற்றையும் லென்ஸில் பார்த்தேன். மறுபடியும். பிறகு ஆறு பூச்சிகளைப் பஞ்சில் பொதிந்து, படங்களோடு பல்கலைக்கழகப் பூச்சியியல் துறைக்கு அனுப்பினேன். பதில் வரப் பத்து நாளாகுமாம்.

பதினொரு மணிக்கு நயினார் சாரிடம் அறிக்கையைக் கொடுத்தேன். படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். ஒரு சொல்லை மட்டும் மாற்றித் தரச் சொன்னார். ‘இல்லை’ என்பதற்குப் பதிலாக ‘சந்தேகத்துக்குரியது’. அப்படி இருந்தால் சனிக்கிழமை மருந்து அடித்துவிடலாம், மேலேயும் சமாதானம், ஊரும் சமாதானம். ஊருணிக் கரை, மரம், வேலி எல்லாவற்றின் மேலும் டிராக்டர் ஸ்பிரேயர் வைத்து அடிப்பதாகத் திட்டம்.

அந்த ஊருணியில்தான் கூத்தலூரணி முழுக்கக் குடிக்கிறது என்றேன். இரண்டு நாள் லாரித் தண்ணீர் விடலாம் என்றார்.

“சார், எனக்குச் சந்தேகம் இல்ல. இல்லாத சந்தேகத்தை எப்படி எழுத?”

அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். “சந்தேகமில்லாம எழுதி ஒரு தடவை என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா, ராஜகனி?”

கோப்புடன் வெளியே வந்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

வீட்டிலிருந்தே நேராகக் கூத்தலூரணி போனேன். அலுவலகத்துக்குக் களப்பணி என்று குறுஞ்செய்தி.

பூச்சி இன்னதென்று சொன்னால் மட்டும் போதாது, அதனால் பயிருக்கு என்ன கேடு என்றும் சொல்ல வேண்டும். ஐந்து மக்காச்சோளக் காடுகளில், காட்டுக்கு நூறு செடி என்று எண்ணினேன். வரப்போரம் இரண்டு வரிசையில் வெட்டுக்கிளி கடித்த இலைகள், அவ்வளவுதான். உள்ளே போனால் சுத்தம்.

வெட்டுக்கிளியைப் பொறுத்தவரை சுத்தம்.

சீனியம்மாளின் காட்டில் நாற்பதாவது செடியில் குனிந்தபோது இலையில் கண்ணாடித்தாள் ஒட்டியதுபோல வெள்ளைச் சுரண்டல். குருத்தை விரித்தேன். மரத்தூள்போல எச்சம். அதற்கடியில் அரிசி நீளத்துக்கு ஒரு புழு. லென்ஸை வைத்தேன். தலையில் தலைகீழாக ஆங்கில ஒய், வால் பக்கம் சதுரமாக நாலு புள்ளி.

படைப்புழு.

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் அதிகம்.

அவள் காட்டில் நூற்றுக்குப் பதினாலு. மற்ற நாலு காடுகளில் பத்திலிருந்து பதினாறு வரை. முப்பது, முப்பத்தைந்து நாள் பயிர். இன்னும் ஒரு வாரத்துக்குள் கவனித்தால் தப்பிக்கலாம், விட்டால் புழு குருத்தின் அடியில் இறங்கிவிடும். இதில் ஊரெல்லாம் மேலாக மருந்தைத் தூவினால் குருத்துக்குள் சொட்டுக்கூடப் போகாது. புழுவைத் தின்னும் குளவியும் இடுக்கிப்பூச்சியும்தான் சாகும். அதைவிட மோசம், மருந்துதான் அடித்தாயிற்றே என்று எல்லாரும் வீட்டில் இருந்துவிடுவார்கள்.

புதிய அறிக்கை இரண்டு பக்கம். மதியமே கொடுத்தேன். நயினார் சார் வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்தார். அந்த இழுப்பறைக்குப் பூட்டு உண்டு.

நவம்பர் 13, வியாழன்

சிலிண்டர் வந்தது. அறிக்கை இழுப்பறையிலேயே இருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

கூத்தலூரணிச் சமுதாயக் கூடத்தில் நானே கூட்டம் போட்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எழுபது பேர் வந்திருந்தார்கள். மருந்து எத்தனை மணிக்கு என்று கேட்கத்தான் வந்தார்கள்.

ஊர் விவசாயிகள் சங்கத் தலைவர் கோமதிநாயகம் முன்வரிசையில் இருந்தார். பதினோரு ஏக்கர்க்காரர், நிதானமானவர், கெட்டவர் இல்லை. அவருடைய பயம் நியாயமான பயம். நான் பூச்சிகளைத் தட்டில் வைத்துச் சுற்றிவிட்டேன். முதுகுக் கோட்டைக் காட்டினேன். பிறகு குருத்துப் புழுவைக் காட்டினேன். வெட்டுக்கிளிக்கு மருந்து வேண்டாம், புழுவுக்கு நாளையே வேலை தொடங்க வேண்டும் என்று சொன்னேன்.

கோமதிநாயகம் எழுந்தார்.

“மேடம், தப்பா நினைக்கக் கூடாது. ஏழு வருசத்துக்கு முன்ன அய்யம்பாறையில ‘கவலைப்பட வேண்டாம்’னு எழுதிக் குடுத்தது நீங்கதான?”

இந்த நோட்டில் இதுவரை அந்த ஊரின் பெயரை நான் எழுதியதில்லை. இன்று எழுதியாயிற்று.

ஆமாம், நான்தான் என்றேன்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அய்யம்பாறையிலிருந்து மக்காச்சோளக் குருத்துப் படம் ஒன்று போனில் வந்தது. அன்று மாதக் கடைசி, அனுப்ப வேண்டிய கோப்புகள் குவிந்திருந்தன. படத்தைப் பார்த்து வழக்கமான தண்டுத்துளைப்பான் என்று எழுதினேன். அது இந்த நாட்டுக்கே புதிதாக வந்திருந்த படைப்புழு. நாலு ஊர்க் காடுகள் போயின. ஒரு மாதம் கழித்து ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். தின்று தீர்த்த ஒரு செடியை வேரோடு என் மேசையில் வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். அவர் திட்டியிருக்கலாம்.

“அன்னைக்கு நான் பூச்சியைப் பாக்கல, மேசையில உக்காந்து எழுதினேன். இன்னைக்கு உங்க காட்டுல ஐநூறு செடியைத் தொட்டுப் பாத்துட்டு வந்து நிக்கேன். அன்னைக்குத் தப்புப் பண்ணினவ இன்னைக்கு வாயை மூடிக்கிட்டா உங்களுக்கு என்ன லாபம்?”

ஒருவர் எழுந்து போனார். அவர் பின்னால் பத்துப் பேர் போனார்கள். கோமதிநாயகம் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சீனியம்மாள் மட்டும் தட்டிலிருந்த புழுவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்யணும், சொல்லுங்க என்றாள்.

நவம்பர் 15, சனி

முதலில் நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

ஏழு மணிக்கு ஊருணிக் கரைக்குப் போய்விட்டேன். இவருக்கு இன்று ஓய்வு நாள், கூட வந்தார். வேண்டாம் என்றேன். ஊருணியைப் பார்த்து நாளாச்சு என்றார். எட்டு மணிக்கு இரண்டு டிராக்டர் ஸ்பிரேயர்கள் வந்தன, பின்னால் ஜீப்பில் நயினார் சார். ஊர் முழுக்கக் கரையில் நின்றது.

ஆணையைக் காட்டுங்கள் என்றேன். தயங்கினார். எல்லார் முன்னாலும் கேட்டதால் கொடுத்தார். அதில் இப்படி இருந்தது: ‘சந்தேகத்துக்குரிய பாலைவன வெட்டுக்கிளி காணப்பட்டதாக வட்டார வேளாண் அலுவலர் தெரிவித்ததன் பேரில்...’

வட்டார வேளாண் அலுவலர் நான்.

மூன்று தடவை படித்தேன். கோபம் வரவில்லை. பேனாவைத் திறந்து, தாளை ஜீப்பின் பானட்டில் வைத்து, அந்த வரிக்குக் கீழே எழுதினேன்: ‘நான் அவ்வாறு தெரிவிக்கவில்லை. இது பாலைவன வெட்டுக்கிளி அல்ல என்றே தெரிவித்தேன்.’ கையெழுத்து, தேதி, நேரம் 8.20. எழுதியதைச் சத்தமாகப் படித்தேன். பிறகு டிராக்டர்க்காரரிடம் கொடுத்தேன். இந்தத் தாளை வைத்துக்கொண்டு குடிதண்ணீர்க் கரையில் மருந்து அடிக்கலாமா என்று அவரே முடிவு செய்யட்டும் என்றேன். அவர் தாளைப் பார்த்தார், நயினார் சாரைப் பார்த்தார், இன்ஜினை அணைத்தார்.

நயினார் சார் என்னைத் தள்ளி அழைத்துப் போனார். “எனக்கு இன்னும் ரெண்டரை மாசம்தான் சர்வீஸ். நிம்மதியாப் போக விடக் கூடாதா?” என்றார். அவர் நெற்றியில் வியர்வை. பாவமாக இருந்தது. இருந்தாலும் விடமுடியாது என்றேன்.

கடைசியில் முடிவு செய்தது கோமதிநாயகம்தான். ஊரைப் பார்த்துச் சொன்னார். “தப்பை ஒத்துக்கிட்ட ஒரு ஆபீசரை நான் இன்னைக்குத்தான் பாக்கேன். அந்தம்மா சொல்ற மாதிரி ஒரு வாரம் பாப்போம். பொய்யாப் போச்சுன்னா அப்புறம் நான் பேசிக்கிடுதேன்.”

டிராக்டர்கள் திரும்பின. ஆனால் சும்மா போகவில்லை, பக்கத்து ஆவாரங்குளத்துக்குப் போயின. அந்த ஊருக்குத் தனி ஆணை, அதில் என் பெயர் இல்லை. பத்து மணிக்கு அங்கே அடித்து முடித்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. நான் போயிருக்க வேண்டும். கூத்தலூரணியில் ஜெயித்ததிலேயே நின்றுவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. காட்டுக்குப் போனேன்.

சீனியம்மாள் இருபத்தாறு பெண்களைத் திரட்டியிருந்தாள். முட்டைக் குவியலை நசுக்குவது எப்படி, குருத்துக்குள் சுண்ணாம்பு கலந்த மணலை ஒரு பிடி போடுவது எப்படி என்று காட்டிக்கொடுத்தேன். மணல் புழுவை அறுத்துவிடும். புழு கூடுதலாக இருக்கும் காடுகளில் மட்டும், கைத்தெளிப்பானால், குருத்துக்குள் மட்டும் மருந்து. கிணற்றடியிலும் கரையிலும் கிடையாது.

சாயங்காலம் விரல்களெல்லாம் சுண்ணாம்பில் வெடித்துவிட்டன. இவர் தேங்காயெண்ணெய் எடுத்து வந்தார். பஸ்ஸில் என்னைப்பற்றி என்ன பேசுகிறார்கள் என்று இன்று நானே கேட்டேன்.

“கிறுக்கச்சின்னு பாதிப்பேரு.”

மீதிப்பேர்?

“இறங்கிப் போயிட்டாங்க, கேக்க முடியல.”

நவம்பர் 18, செவ்வாய்

மெமோ. ‘உயர் அலுவலரின் ஆணையில் பொதுமக்கள் முன்னிலையில் குறிப்பு எழுதி, அரசுப் பணிக்கு ஊறு விளைவித்தது ஏன்?’ விளக்கம் பதினைந்து நாளில்.

மாவு அரைத்தேன். அடை நன்றாக வந்தது.

நவம்பர் 21, வெள்ளி

பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. ஆறு மாதிரிகளில் ஒன்றுகூடப் பாலைவன வெட்டுக்கிளி இல்லை. பழுப்பு நிறத்தது உள்ளூரில் தனித்தனியாக வாழும் வகை. கூட்டம் சேராது. பேராசிரியர் கீழே கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: கோட்டைக் கவனித்தது நல்லது.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் நின்றேன். முகம் கழுவத்தான்.

நயினார் சாரிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, தானே ஒரு வழி சொன்னார். ‘அன்று உறுதியாகத் தெரியவில்லை, பல்கலைக்கழக முடிவு வந்தபின் தெளிவு பெற்றேன், அவசரப்பட்டு எழுதியதற்கு வருந்துகிறேன்’ என்று மூன்று வரி. மெமோ மூடப்படும். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். எனக்குப் பதினான்கு வருஷச் சர்வீஸ் பாக்கியிருக்கிறது என்பதையும் நினைவுபடுத்தினார்.

நவம்பர் 25, செவ்வாய்

மறு எண்ணிக்கை. சீனியம்மாள் காட்டில் நூற்றுக்கு மூன்று. கோமதிநாயகம் காட்டில் நான்கு. அவர் என்னை நம்பவில்லை, தானே ஒரு தடவை எண்ணினார். அவருக்கு மூன்றுதான் வந்தது. நான் நான்கு என்றே எழுதிக்கொண்டேன்.

பிறகு ஆவாரங்குளம் போனேன். நூற்றுக்கு முப்பத்தொன்று. மருந்து அடித்த தைரியத்தில் யாரும் குருத்தை விரித்துப் பார்க்கவில்லை. ஒரு பெரியவர், மருந்து போலியோ என்று கேட்டார். மருந்து நல்ல மருந்துதான், விழுந்த இடம் தப்பு என்றேன். இன்னும் பாதிக்காடுகளைக் காப்பாற்றலாம். கூத்தலூரணிப் பெண்கள் நாளை இங்கே வருகிறார்கள். சீனியம்மாள் ஏற்பாடு. என்னைக் கேட்கக்கூட இல்லை.

நவம்பர் 30, ஞாயிறு

விளக்கம் எழுத உட்கார்ந்தேன். நயினார் சாரின் மூன்று வரியை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எழுத்து அழகாகத்தான் இருந்தது. கிழித்துவிட்டு வேறு எழுதினேன்:

‘நவம்பர் 11 அன்று எனக்கு உறுதியாகத் தெரியும். தெரிந்ததையே எழுதினேன். நான் சொல்லாததை என் பெயரில் சொன்னதால் அதே தாளில் மறுத்தேன். இதற்கு வருத்தம் இல்லை. ஏழாண்டுகளுக்கு முன் அய்யம்பாறையில் பார்க்காமல் எழுதியதற்கு வருந்துகிறேன். அதற்கு யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. இத்துடன் சேர்த்துக்கொள்ளவும்.’

இவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, கவருக்கு ஒட்டப் பசை தேடிக்கொண்டு வந்தார்.

டிசம்பர் 9, செவ்வாய்

எதிர்பார்த்ததுதான். மாறுதல் ஆணை. மாவட்டத் தலைமையிடத்தில் விதைக் கிடங்குப் பொறுப்பு. காடும் இல்லை, பூச்சியும் இல்லை. வெள்ளி மதியத்துக்குள் விடுபட வேண்டும்.

மேல்முறையீடு எழுதி இன்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கிடங்கிலும் அந்துப்பூச்சி இருக்கும் என்கிறார் இவர்.

டிசம்பர் 12, வெள்ளி

பன்னிரண்டு மணிக்கு பீரோ சாவி, வலை, லென்ஸ் எல்லாம் ஒப்படைத்தேன். லென்ஸ் என் சொந்தம் என்று ஞாபகம் வந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். நயினார் சார் வாசல்வரை வந்தார். எதையோ சொல்ல நினைத்து, “பாத்துப் போங்க” என்று மட்டும் சொன்னார்.

வண்டியை எடுக்கும்போது கோமதிநாயகம் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து வெற்றிலை டப்பா ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே சாம்பல் நிறத்தில் சின்ன வண்டு, நாலைந்து. பருத்திக்காட்டில் பிடித்தாராம். மொட்டெல்லாம் உதிர்கிறதாம்.

“இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க மேடம். மத்தவங்க சொன்னா எனக்கு மனசு ஆறாது.”

மதியம் முதல் நான் இந்த வட்டாரத்துக்கு யாரும் இல்லை அண்ணாச்சி, புது ஆள் திங்களன்று வருகிறார் என்றேன். அவர் டப்பாவை நீட்டியபடியே நின்றார்.

லென்ஸை வைத்துப் பார்த்தேன். மூக்கு நீண்ட வண்டு. காலைப் பார்த்தேன், மீசையைப் பார்த்தேன். பெயர் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குமேல் விடவில்லை.

“தெரியல அண்ணாச்சி,” என்றேன். “செடியைப் பாக்காம சொல்ல மாட்டேன். எந்தக் காடு?”

அவர் கையைக் காட்டிய பக்கம் வண்டியைத் திருப்பினேன். நயினார் சார் இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். பார்க்கட்டும்.